கோர்ட்டுக்குப் போகும் பிள்ளைக்குத் துணை யார்? கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பக்கம் முப்பது வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளோடு ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூடப் போய் வருகிறேன். சட்டத்தில் 'சப்போர்ட் பெர்சன்' என்று இருக்கிறது. நாங்கள் ஆதரவு நபர் என்போம். பிள்ளைகள் 'டீச்சர்' என்றே கூப்பிடுகிறார்கள். கேள்வி அனுப்பியவர்கள் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் கூடப் போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வயதையும் வகுப்பையும் மாற்றிவிட்டேன். பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டுவது குற்றம். நீங்களும் பேர், பள்ளிக்கூடம், தெரு எதையும் எழுத வேண்டாம்.

பேட்டை, கல்லூரி மாணவி: ஆதரவு நபர் என்றால் வக்கீலா டீச்சர்? போலீஸ் அனுப்புகிறவரா?

இரண்டும் இல்லை. வழக்கை நடத்துவது அரசு வக்கீல். பிள்ளையின் குடும்பம் தனியாக ஒரு வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எங்களை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அந்தக் குழுவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பிள்ளையும் பெற்றவர்களும் சம்மதித்தால் குழு ஓர் ஆதரவு நபரைத் தரலாம் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இந்த ஏற்பாடு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது.

வழக்கு முடிவதற்குள் எஸ்.ஐ. மாறுவார், அரசு வக்கீல் மாறுவார், நீதிபதிகூட மாற்றலாகிப் போவார். ஒவ்வொரு புது முகத்திடமும் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கடைசி நாள் வரைக்கும் மாறாத ஒரு முகம் அதற்கு வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

டல்லாஸ், சொந்த ஊர் அம்பாசமுத்திரம்: இங்கே 'காசா' என்ற அமைப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். நம்ம ஊரில் அதே மாதிரி உண்டா அக்கா?

அதே மாதிரி இல்லை தம்பி. அது 1977இல் சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி தொடங்கியது. கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான பிள்ளைகள் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தபோது, பிள்ளையின் தரப்பை மட்டும் எடுத்துச் சொல்ல ஆள் இல்லையே என்று அவருக்குப் பட்டிருக்கிறது. சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளை எங்கே வாழ்வது நல்லது என்று நீதிபதிக்கு அறிக்கை எழுத வைத்தார்.

இங்கே பிள்ளை யாரிடம் வளர்வது என்பதைக் குழந்தைகள் நலக் குழுதான் முடிவு செய்யும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர், அதில் ஒருவராவது பெண். நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. வீட்டு நிலவரத்தை விசாரித்து அறிக்கை தருவது சமூகப் பணியாளர்கள். நான் நீதிபதிக்கு அறிக்கை எழுதுவதில்லை. உங்கள் வேலையும் என் வேலையும் ஒன்றுபோல இருப்பது ஒரு இடத்தில்தான்: ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளை பேசுவதைக் கேட்க நேரம் ஒதுக்குவது.

வள்ளியூர், ஒரு தாய்: என் மகளுக்கு ஒன்பது வயது. அடுத்த மாதம் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. நினைத்தாலே கை நடுங்குகிறது. அவளை எப்படித் தயார் பண்ண?

தங்கச்சி, என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். பிள்ளை "அம்மா" என்று உள்ளதைச் சொல்லிவிடும். அதுவரை சொன்ன அத்தனை உண்மையும் அந்த ஒரு பதிலில் ஆட்டம் கண்டுவிடும். நான் பிள்ளைகளிடம் சொல்வது இவ்வளவுதான்: "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. கேள்வி புரியலன்னா திரும்பக் கேக்கச் சொல்லு. ஒரு மாதிரியா இருந்தா தண்ணி வேணும்னு சொல்லு." நடந்ததைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

பிள்ளையை இடத்துக்குப் பழக்குங்கள். சம்மன் தேதிக்கு முன்னால் ஒரு நாள், அனுமதி வாங்கி, கூட்டமில்லாத நேரத்தில் கோர்ட்டைக் காட்டிவிடுவேன். ஜட்ஜ் உட்காரும் இடம், அவள் இருக்கப்போகிற இடம், பாத்ரூம். அப்படிக் கூட்டிப்போன ஒரு பிள்ளை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. "டீச்சர், கால் ஆட்டுனா ஜட்ஜு ஏசுவாங்களா?" என்று கேட்டாள். நாங்களெல்லாம் குறுக்கு விசாரணையை நினைத்துப் பயந்துகொண்டிருக்க, அவளுக்கு அவள் காலைப் பற்றித்தான் பயம். சாட்சி நாளில் என் வீட்டு மணைப்பலகையை ஒரு துணிப்பையில் கொண்டுபோனேன். பெஞ்ச் கிளார்க் அம்மாவிடம் சொல்லி அவள் காலுக்கு அடியில் போட்டேன். இரண்டு பாதத்தையும் அதில் அழுத்தி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினாள். அந்தப் பலகை இன்னும் அதே பையில்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.

சட்டம் அவளுக்குத் தருவதையும் தெரிந்துகொள்ளுங்கள். விசாரணை பூட்டிய கதவுக்குள் நடக்கும், வேடிக்கை பார்க்க ஆள் வர முடியாது. குற்றம் சாட்டப்பட்டவன் அவள் கண்ணில் படக் கூடாது. திரையோ வீடியோவோ வைத்து நடத்த வேண்டும். வக்கீல்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்க வேண்டும். நடுநடுவே இடைவேளை கேட்கலாம். திரும்பத் திரும்ப அலைக்கழிக்கக் கூடாது, பிள்ளையின் நடத்தையைக் கேவலமாகப் பேசக் கூடாது. இதெல்லாம் எல்லா நாளும் அப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். வக்கீல் நேராகப் பிள்ளையிடம் சத்தம் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அப்போது அரசு வக்கீல் எழுந்து சட்டத்தைச் சொல்ல வேண்டும். அதனால் முந்தின நாளே அவரைப் பார்த்து, என்னென்ன வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுவேன்.

கோர்ட் ஹாலைவிட ஆபத்தான இடம் வெளி வராந்தா. அவன் வீட்டு ஆட்கள் அங்கேதான் நிற்பார்கள், முறைப்பார்கள், சில சமயம் அழுது காட்டுவார்கள். வந்ததும் பிள்ளை உட்காரத் தனி இடம் கேளுங்கள். சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்து, மதியம் கூப்பிடும்போது தலை சுற்றி விழுந்த பிள்ளை உண்டு. நீங்களும் சாட்சி என்றால் அவள் பேசும்போது உங்களை வெளியே இருக்கச் சொல்லலாம். அப்போது பக்கத்தில் இருக்க ஆதரவு நபர் வேண்டும். இன்னும் உங்களுக்கு யாரையும் தரவில்லை என்றால் நாளைக்கே குழந்தைகள் நலக் குழுவில் கேளுங்கள்.

வாய்தா போடலாம் என்பதையும் முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் சாட்சியம் 30 நாளுக்குள், வழக்கு ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் தள்ளிப்போகிறது. "இன்னைக்கு ஜட்ஜ் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க, இல்லன்னா இன்னொரு நாள் வருவோம்" என்று சொன்னால் போதும். "அவனை ஜெயில்ல போட்டுருவாங்க" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது நம் கையில் இல்லை.

முக்கூடல், ஒரு ஆச்சி (பேரன் எழுதித் தந்தது): மகன் தினமும் குடித்துவிட்டு வந்து பேரப்பிள்ளைகளை அடிக்கிறான். மருமகள் போய்விட்டாள். பீடி சுற்றித்தான் சோறு போடுகிறேன். சொன்னால் பிள்ளைகளை ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்களா?

ஆச்சி, அந்தப் பயத்தாலேயே எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் அடி வாங்கிக்கொண்டு கிடக்கின்றன. சட்டப்படி ஹோம் என்பது கடைசி வழி. நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொந்தத்தில் ஆள் இருந்தால் அவர்களிடம் விடத்தான் குழு முதலில் பார்க்கும். நீங்கள் இருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். 1098க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். பெற்ற தகப்பனே ஆனாலும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. விசாரித்துப் பார்த்து, பிள்ளைகள் உங்களிடமே வளர 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை நிதி ஆதரவு கேட்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிக்கூடத்துச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். கடிதம் எழுதிய பேரனிடம், டீச்சர் அவன் கையெழுத்தை ரொம்பவும் ரசித்தேன் என்று சொல்லுங்கள்.

ராதாபுரம் வட்டாரம், ஆசிரியர்: ஏழாம் வகுப்பு மாணவி என்னிடம் ஒன்று சொன்னாள். பள்ளிப் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே விசாரிப்போம் என்கிறார் தலைமையாசிரியர்.

சார், உங்களுக்குத் தெரிந்த நிமிடமே புகார் சொல்லும் கடமை உங்களுடையது, தலைமையாசிரியரின் அனுமதி தேவையில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. உள்விசாரணை வேண்டவே வேண்டாம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கக் கேட்க, பிள்ளை சொன்னது மாறும், அதை வைத்தே வழக்கை உடைப்பார்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வைத்துவிட்டு, இதைப் படித்து முடித்ததும் 1098க்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ போன் பண்ணுங்கள். அத்தனை பேரில் உங்களை நம்பித்தானே சொல்லியிருக்கிறாள்.

வாக்குமூலம் வாங்க அவளை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை ஒரு பெண் எஸ்.ஐ. வந்து எழுத வேண்டும்.

நாங்குநேரி, ஆட்டோ ஓட்டுநர்: ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு வாபஸ் வாங்கினால் பிள்ளைக்கும் நல்லது என்கிறார்களே?

அண்ணாச்சி, இது வரப்புத் தகராறு இல்லை. பெற்றவர்கள் நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாத குற்றம். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கில், சமாதானம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பேசி முடித்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பணம் பெரியவர்கள் கையில் மாறியது. பிள்ளை அவன் வீட்டைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனது. ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிட்டது.

மேலப்பாளையம்: சம்பாதிக்கிறவனையே பிடித்துக்கொண்டு போய்விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இழப்பீடு தீர்ப்புக்குப் பிறகுதானா?

இல்லை. சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து போன்ற அவசரச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று விதி. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எப்போது வேண்டுமானாலும் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். கேட்காதவர்களுக்குத் தானாக வருவது அபூர்வம், மனு போடுங்கள். சோற்றுக்கு வழியில்லாமல்தான் பாதித் தாய்மார்கள் சாட்சியை மாற்றுகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

களக்காடு: ஆண் பிள்ளைகளுக்கும் போக்சோ பொருந்துமா?

பொருந்தும். 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும். பையன்கள் சொல்வதே இல்லை. ஆகவே அவர்கள் சொல்லும்போது இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

சேரன்மகாதேவி: பதினேழு வயதுப் பெண், விரும்பிப் போனவள். வழக்கு வேண்டாம் என்கிறாள். அப்போது ஆதரவு நபர் யார் பக்கம்?

பிள்ளை பக்கம். சட்டத்தில் 18க்குக் கீழ் சம்மதம் செல்லாது, அதை அவளிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அரசு வக்கீலுக்குச் சாதகமாகப் பேசு என்று அவளை நெருக்குவது என் வேலை இல்லை. அவள் உள்ளதைச் சொல்லட்டும். வீட்டில் அவளுக்கு அடி விழுகிறதா, படிப்பு நின்றுவிட்டதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வண்ணார்பேட்டை, இளைஞர்: நானும் வரலாமா? ஆண்கள் செய்யலாமா?

தாராளமாக. ஆதரவு நபர்களின் பட்டியல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கிறது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். குழந்தைகள் சார்ந்த படிப்போ அனுபவமோ எதிர்பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி எடுங்கள். ஒன்று கேட்கிறேன்: வழக்கு முடிய இரண்டு, மூன்று வருடம் ஆகலாம், அதுவரை இந்த ஊரில் இருப்பீர்களா? வெளியூரில் வேலை கிடைத்தால் போய்விடுவேன் என்றால் இப்போது வேண்டாம். பாதியில் போகும் இன்னொரு ஆள் அந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை.

தென்காசி: தீர்ப்பு எதிராக வந்தால் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள்?

இரண்டு முறை சொல்ல வேண்டி வந்தது. ஒருத்தி கேட்டாள், "நான் பொய் சொல்லுதேன்னு ஜட்ஜ் நெனச்சிட்டாங்களா?" அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து சொன்னேன்: "இல்ல மக்கா. ஒருத்தர ஜெயிலுக்கு அனுப்பணும்னா கொஞ்சம்கூட சந்தேகம் இருக்கக் கூடாதுன்னு சட்டம். அந்த அளவுக்கு ருசு சேரலன்னு சொல்லியிருக்காங்க. நீ பொய் சொன்னன்னு எந்த எடத்துலயும் எழுதல." தீர்ப்பில் அப்படி எழுதவில்லை என்று முந்தின இரவே வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் அதைச் சொன்னேன். எழுதியிருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். இந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே நிறையப் பேர் பொய் சொல்லிவிட்டார்கள்.

மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு, மதுரைக் கிளைக்குப் போகலாம். போவதா வேண்டாமா என்று யோசிக்க அவர்களுக்கு நாள் கொடுத்தேன். தீர்ப்போடு என் பொறுப்பு முடிந்துவிட்டதாகக் காகிதத்தில் இருக்கும். மாதம் ஒரு முறை அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது பத்தாவது படிக்கிறாள், கணக்கில் வீக்.

வள்ளியூர்த் தங்கச்சி, சம்மன் தேதியை மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள். மற்றவர்களின் மிச்சக் கேள்விகளுக்கு வியாழக்கிழமை பதில் எழுதுகிறேன். திங்களும் செவ்வாயும் எனக்குக் கோர்ட் இருக்கிறது.