4 டெராபைட் டிஸ்கில் காலி இடம் 3.4தானா?

கேள்வி: புதிய 4 டெராபைட் ஹார்ட் டிஸ்கை லினக்ஸில் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டமாக ஃபார்மட் செய்தேன். ஒரு ஃபைல்கூடப் போடவில்லை. ஆனால் டிஎஃப் கட்டளை மொத்தம் 3.6, காலி 3.4 என்று காட்டுகிறது. மீதி எங்கே? டிஸ்க் பழுதா?

பதில்: டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் கணக்கில் 4 டெராபைட் என்பது 4 லட்சம் கோடி பைட். டிஎஃப் அதையே 1024, 1024ஆக வகுத்துச் சொல்வதால் 3.64 ஆகிறது, அதாவது சுமார் 3,726 ஜிபி. இதில் தொலைந்தது எதுவும் இல்லை.

அடுத்தது ஐநோடு அட்டவணை. ஐநோடு என்பது ஒரு ஃபைலின் விவரங்களை வைக்கும் பதிவு; ஃபைலுக்கு ஒன்று வேண்டும். ஃபார்மட் செய்யும்போதே 16,384 பைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோடுகள் ஒதுக்கப்படுகின்றன. ஒன்றின் அளவு 256 பைட், ஆக டிஸ்கில் 64இல் ஒரு பங்கு, சுமார் 58 ஜிபி, அதற்கே போய்விடும்.

உங்களை உண்மையில் குழப்புவது மூன்றாவதுதான். இஎக்ஸ்டி4 தானாகவே 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (சிஸ்டம் நிர்வாகிக்கு) பிடித்துவைக்கிறது. 'டியூன்2எஃப்எஸ் -எல்' கொடுத்துப் பாருங்கள்: ஒதுக்கிய பிளாக்குகள் சுமார் 4.88 கோடி என்றிருக்கும். பிளாக் என்பது டிஸ்கில் இடம் ஒதுக்கும் அலகு. ஒன்று 4,096 பைட், பெருக்கினால் 186 ஜிபி. டிஸ்க் நிரம்பினாலும் லாக் எழுதும் சேவைகள் நின்றுவிடக் கூடாது, ஃபைல்கள் துண்டுதுண்டாகச் சிதறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. சிறிய டிஸ்கில் நியாயம்தான். படமும் பாட்டும் மட்டும் வைக்கும் 4 டெராபைட்டில் இவ்வளவு வேண்டியதில்லை.

முதலில் 'எல்எஸ்பிஎல்கே' கொடுத்து எந்தப் பார்ட்டிஷன் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு இதைக் கொடுங்கள் (எஸ்டிபி1 இருக்கும் இடத்தில் உங்கள் பார்ட்டிஷனின் பெயர்):

சுடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1 /டெவ்/எஸ்டிபி1

அன்மவுன்ட் செய்யத் தேவையில்லை, டேட்டாவும் அழியாது. ஒதுக்கீடு 37 ஜிபியாகக் குறைந்து, 149 ஜிபி உங்கள் கைக்கு வரும். டேட்டா மட்டும் உள்ள டிஸ்கில் 1க்குப் பதில் 0 கொடுத்தாலும் தவறில்லை. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் மட்டும் 0 கொடுக்காதீர்கள்.

ஐநோடுக்குப் போன 58 ஜிபியும் வேண்டுமென்றால், டிஸ்க் காலியாக இருக்கும் இப்போதே 'எம்கேஎஃப்எஸ்' கட்டளையில் '-டி லார்ஜ்ஃபைல்' சேர்த்து மறுபடி ஃபார்மட் செய்யுங்கள் (கேப்பிடல் டி). ஒரு எம்பிக்கு ஒரு ஐநோடு என்றாகி, அட்டவணை ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் பிறகு சுமார் 38 லட்சம் ஃபைல்தான் கொள்ளும். சின்னச் சின்ன ஃபைல்களை லட்சக்கணக்கில் கொட்டினால், இடம் இருக்கும்போதே 'இடமில்லை' என்று பிழை வரும். அப்படி வந்தால் 'டிஎஃப் -ஐ' பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: விண்டோஸில் என் 4 டெராபைட் டிஸ்கில் 2 டெராபைட்டுக்கு மேல் பார்ட்டிஷன் போடவே முடியவில்லையே?

பதில்: டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் இருக்கிறது. அதில் டிஸ்கின் சிறு துண்டுகளான செக்டர்களுக்கு 32 பிட் எண், செக்டர் ஒன்றுக்கு 512 பைட்: 2 டெராபைட்டோடு எல்லை முடிந்தது. டேட்டாவை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷன்களை நீக்குங்கள். இடப்பக்கம் 'டிஸ்க் 1' என்று எழுதியிருக்கும் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள். பார்ட்டிஷன் ஒன்று மிச்சமிருந்தாலும் மெனுவில் ஜிபிடிக்கு மாற்றும் வரி மங்கலாகத்தான் தெரியும்.