பொருளியல் புத்தகமும் ஆம்பூர்ச் செருப்பும்

வேலூரில் வெயில் தணிகிறதோ இல்லையோ, பள்ளி திறந்துவிட்டால் பொருளியல் சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்டது. நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துவதாக டியூஷனில் சொல்கிறார்கள். மகளைச் சேர்க்கலாமா? (காட்பாடி)

வேண்டாம் அம்மா. 2017-18இல் வந்த அந்தப் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு போய்விட்டது. பாடம் எங்கும் போகவில்லை. பதினோராம் வகுப்பில் இறுதிநிலைப் பயன்பாடு, இறுதிநிலைச் செலவு என்று படிக்கிறார்களே, அந்த 'இறுதிநிலை' (கூடுதலாக ஒன்று சேரும்போது வரும் மாற்றம்) அடுத்த ஆண்டு, வருமானத்துக்கேற்ப நுகர்வு எப்படி மாறும் என்று சொல்லும் பொருளியலறிஞர் கீன்ஸின் நுகர்வுச் சார்பில் மறுபடியும் வந்து நிற்கும். அங்கே அதை யாரும் முதலிலிருந்து விளக்கமாட்டார்கள். பி.ஏ. பொருளியலில் சேர்ந்தாலும் தொடக்கமே பதினோராம் வகுப்பில் படிக்கும் நுண்ணினப் பொருளியல்தான்.

ஜிஎஸ்டி விகிதம் புத்தகத்தில் 5, 12, 18, 28 என்று இருக்கிறது. செய்தித்தாளில் வேறாக இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது? (பேரணாம்பட்டு)

இதைக் கேட்காத மாணவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி தொடங்கியபோது இருந்த நிலையைப் புத்தகம் சொல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 ஆகிய இரண்டு விகிதங்களையும் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான பொருள்களுக்கு 5 அல்லது 18. ஆடம்பரக் கார் போன்ற சிலவற்றுக்கு 40 என்று விதித்தார்கள்; புகையிலைக்கு மட்டும் பழைய 28 சில மாதம் நீடித்தது. தங்கம் பழையபடி 3 சதவீதத்திலேயே நின்றது. உங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணமே இருக்கிறது. ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு வரி 5 சதவீதமானது, அதற்கு மேல் 18. முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 18. ஆம்பூரில் 2,000 ரூபாய் ஷூ வாங்குபவருக்கு வரி மட்டும் 360 ரூபாயிலிருந்து 100 ஆக இறங்கியது.

ஒரு மதிப்பெண் வினாவில் புத்தக விடையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து மதிப்பெண் விடையில் புத்தக விகிதங்களை '2017இல்' என்று ஆண்டோடு எழுதி, கீழே ஒரு வரியில் 2025 மாற்றத்தையும் சேருங்கள். ஆண்டு போடாமல் எழுதிய எந்தப் புள்ளிவிவரமும் பாதி விடைதான்.

நான் கணிதம் இல்லாத பிரிவு. பதினோராம் வகுப்பின் கடைசிப் பாடத்தில் வகையீடு, அணிகள் எல்லாம் வருகின்றன. பயமாக இருக்கிறது. (குடியாத்தம்)

உங்கள் ஊர் லுங்கித் தறியைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, பத்து லுங்கி நெய்ய மொத்தச் செலவு 3,000 ரூபாய், பதினொன்றுக்கு 3,280 என்று கொள்வோம். அந்தப் பதினோராவது லுங்கிக்காகக் கூடிய 280தான் இறுதிநிலைச் செலவு. வகையீடு செய்வதும் இதே வேலைதான், இன்னும் நுணுக்கமாக. மாறிலியை (மாறாத எண்ணை) வகையிட்டால் பூஜ்யம் என்று மனப்பாடம் செய்கிறீர்கள். ஏன் பூஜ்யம்? ஒரு லுங்கி கூடுதலாக நெய்தால் தறிக்கொட்டகை வாடகை கூடுமா? கூடாது. அவ்வளவுதான் ரகசியம். இந்தப் பாடத்தைச் சாய்ஸில் விடச் சொல்லும் கைடுகளைத் தூர வையுங்கள். படி தெரிந்தால் முழு மதிப்பெண் கிடைப்பது இங்கேதான்.

பத்தாம் வகுப்பில் தொழில்துறைத் தொகுப்புகள் பாடத்தில் வேலூர் தோல் தொழில் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் இப்போது வேலூர் மாவட்டத்திலேயே இல்லையே? (ஆற்காடு)

இல்லைதான். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆனால் தொகுப்பு என்பது கலெக்டர் அலுவலக எல்லை பார்த்து உருவாவதல்ல. திறமையான கையாட்கள், மூலப்பொருள், வாங்க வருபவர்கள் என எல்லாம் ஒரே வட்டாரத்தில் சேரும்போது ஒவ்வோர் ஆலைக்கும் செலவு குறைகிறது என்பது பொருளியலறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் சொன்ன கருத்து. வட ஆற்காடு என்று ஒரே பெயரில் இருந்தபோதும் தோல் இங்கேதான் பதப்பட்டது.

ஒரு கொசுறு: இதே தோல் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை ஏற்றது. பன்னிரண்டாம் வகுப்புச் சுற்றுச்சூழல் பொருளியலில் எதிர்மறைப் புறவிளைவுக்கு (ஒருவர் தொழிலின் கெடுதல் சம்பந்தமில்லாதவர் தலையில் விழுவதற்கு) எடுத்துக்காட்டு கேட்டால் டெல்லிப் புகையைத் தேடிப் போகாதீர்கள்.

அண்ணன் 2021-22இல் பன்னிரண்டாம் வகுப்பு படித்தான். அவனுடைய நோட்ஸ் போதுமா? (அணைக்கட்டு)

போதாது தம்பி. அவை கொரோனா காலத்தில் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்துக்கானவை. அவன் பேனாவால் அடித்துவிட்ட பகுதிகளிலிருந்தும் இப்போது கேள்வி வரும். கையெழுத்து நன்றாக இருந்தால் வரைபடங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.