மாதம் எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்

கேள்வி: அவிநாசியில் 8 பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். எல்லாம் போக மாதம் 45,000 நிற்கும். மெஷின் லோன், சீட்டு, போன் தவணை என்று மாதம் 16,000 போய்விடுகிறது. பழைய ஆம்னியைக் கொடுத்துவிட்டு 2020 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் எடுக்கலாம் என்று அக்கா வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த டீலரிடம் கூட்டிப்போனார். நம்ம பையன் கடை, பேரம் பேசி என்னை அசிங்கப்படுத்தாதே என்றார். வண்டி 5,60,000. ஓட்டம் 42,000 கிலோமீட்டர், நாலு டயரும் புதுசு. வெளியில் 50,000-க்குக் கேட்ட ஆம்னியை 70,000-க்கு எடுத்துக்கொள்கிறார்கள். கையிலிருந்து 90,000. மீதிக்கு லோன், வட்டி 10 சதவீதம்தான், பேங்கில் 12 ஆகும் என்றார்கள். முதலில் மாதம் 11,667 என்றார்கள். 10,500-க்கு மேல் மாதம் முடியாது என்றேன். ஓனரிடம் பேசி 10,500-க்கே முடித்துக் கொடுத்தார்கள். 10,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறார். மாதம் 10,500 என் வருமானத்துக்கு அதிகமா?

பதில்: கட்டிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆர்டர் குறைகிற மாதத்தில் கொஞ்சம் மூச்சு முட்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் எத்தனை இடத்தில் ‘மாதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள். ‘மொத்தம்’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. மெஷினையும் போனையும் வாங்கியதும் இப்படித்தான் இருந்திருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, அதிலேயே வாரச் செலவைப் பிரித்துப் பழகிய ஊர் நம்முடையது. தவணையாகவே யோசிப்பது நமக்குக் கைவந்துவிட்டது. அந்தப் பழக்கத்தோடு கார் டீலரின் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். என் கவலை அதுதான்.

டீலர் எழுதிக்கொடுத்த தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முதலில் சொன்ன 11,667 என்பது 4 லட்சத்துக்கு, 48 மாதத்துக்கு, 10 சதவீத பிளாட் வட்டியில் வரும் தவணை. நீங்கள் 10,500 என்றீர்கள். சேல்ஸ் பையன் கால்குலேட்டரோடு ஓனர் அறைக்குள் போனார், உங்களுக்கு டீ வந்தது. திரும்பி வந்தவர் 48-ஐ 60 ஆக்கியிருந்தார். சரி, 60 மாதத்துக்கு என்ன வரும்? 4 லட்சம் அசல், 2 லட்சம் வட்டி, 60-ஆல் வகுத்தால் சரியாக 10,000. நீங்களோ 10,500 வரை முடியும் என்று சொல்லியிருந்தீர்கள். அந்த 500 ரூபாயை அவர் சும்மா விடவில்லை.

தாளின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஆர்.சி. மாற்ற 6,500, ஃபைல் சார்ஜ் 4,500, டெஃப்ளான் கோட்டிங் 4,000, ஓராண்டு வாரண்டி 5,000. கூட்டினால் 20,000. லோன் இப்போது 4,20,000. ஐந்து வருட வட்டி 2,10,000. ஆக 6,30,000; 60-ஆல் வகுத்தால் ரூபாய் பிசகாமல் 10,500. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! தையல்காரர் அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அளவு கொடுத்தது நீங்கள்.

ஆக, ஓனரிடம் பேசிக் குறைத்தது மாதம் 1,167 ரூபாய். மொத்தத்தில் கூடியது 70,000.

இனி அந்த 10 சதவீதம். பிளாட் வட்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, மெஷின் லோன் வாங்கியவர். கடைசித் தவணையின்போதும் நீங்கள் முழு 4,20,000-க்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பேங்க் சொல்கிற 12 சதவீதம் பாக்கி இருக்கும் தொகைக்கு மட்டும். பேங்க் கணக்குப்படி பார்த்தால் உங்கள் 10 சதவீதம் 17-க்கு மேல் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பத்தா, பன்னிரண்டா’ என்று கேட்பது பழைய வித்தை, இன்னும் செல்லுபடியாகிறது.

நீங்கள் சொன்ன தவணையையே எடுத்துக்கொள்வோம். பேங்கில் 4 லட்சம், 12 சதவீதம், 48 மாதம் என்றால் தவணை சுமார் 10,530. உங்கள் 10,500-க்கு முப்பது ரூபாய்தான் அதிகம். ஆனால் நாலு வருடத்தில் முடிந்துவிடும். மொத்தம் 5,05,000 சொச்சம். டீலர் வழியில் 6,30,000. வித்தியாசம் 1,25,000 பக்கம், தாளின் கீழே இருந்த 20,000-மும் அதில் அடக்கம். அந்தக் காசில் இன்னும் சில பவர் டேபிள் போட்டுக்கொள்ளலாம்.

சின்ன வயதில் என் அப்பாரு, அதாவது தாத்தா, கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போவார். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. சந்தைக்குள் நுழையும் முன்பே அப்பாரு எனக்கு ஒரு கட்டளை போடுவார்: மடியில் எவ்வளவு இருக்கிறது என்று வாய் திறக்கக்கூடாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தரகர் எத்தனை தடவை “உங்களால எவ்வளவுங்க முடியும்?” என்றாலும் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் நுழைந்தவுடன் மடியை அவிழ்த்துக் காட்டிவிட்டீர்கள்.

ஆம்னிக்கு 20,000 கூடக் கிடைத்ததில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் தெரிகிறது. பழைய வண்டிக்குக் கூட்டிக் கொடுத்து, புது வண்டியின் விலையில் எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம். அந்த 5,60,000-ல் உங்கள் 20,000-மும் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு பேரத்தை ஒன்றாக முடிச்சுப் போட்டால் எதில் லாபம், எதில் நஷ்டம் என்று நமக்கே தெரியாது. ஆம்னியைத் தனியாக விற்றுக்கொள்ளுங்கள். அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைப் பக்கம் விசாரித்தாலே சாமான் ஏற்ற யாராவது கேட்பார்கள். கிடைப்பது 50,000 என்றாலும் பரவாயில்லை, பேரம் தெளிவாக இருக்கும்.

புது டயரை ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு கேள்வி. 42,000 கிலோமீட்டர்தான் ஓடிய வண்டிக்கு நாலு டயரையும் ஏன் மாற்றினார்கள்? மீட்டர் காட்டுவதைவிட அதிகம் ஓடியிருக்குமோ? காரணம் நல்லதாகவும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசி சர்வீஸ்களின்போது பதிவான ஓட்டத்தைக் கேளுங்கள். வண்டியின் உரிமையாளர் கேட்டால் எடுத்துத் தருவார்கள், டீலரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். 30,000-க்கு அப்புறம் பதிவே இல்லை என்றால், மீட்டர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. சென்னையில் 2023 டிசம்பரில் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எல்லாம் சென்னையிலேயே விற்றுப்போயிருக்காது, அதனால் முதல் பதிவு எந்த ஊர் என்றும் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு 1,500 கொடுத்து அரை நாள் காட்டுங்கள். டீலர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன் 28, கூடவே செஸ் என்ற கூடுதல் வரி. புது ஸ்விஃப்ட்டின் விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தானே ஆக வேண்டும்? “நான் எடுத்த விலையே அதுங்க” என்பார் டீலர். அது அவர் கணக்கு. இன்றைய புது வண்டியின் ஆன்ரோடு விலைத் தாளை ஷோரூமில் வாங்கிக்கொண்டு போங்கள், பேச்சு சுருக்கமாக முடியும்.

ஆர்.சி. மாற்ற 6,500 என்று போட்டிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காருக்குப் பெயர் மாற்ற அரசு வாங்கும் கட்டணம் சில நூறு ரூபாய், லோனைப் பதிய 1,500. மீதி ஏஜென்ட் கூலி. கொடுக்கலாம், ஆனால் பேசிக் கொடுங்கள். ‘ஓராண்டு வாரண்டி’ என்று இப்போது எல்லா இடத்திலும் தலையில் கட்டுகிறார்கள். எது எதற்குக் கிடையாது என்ற பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் தேய்கிற பாகம் எதற்கும் கிடையாது. இன்சூரன்ஸ் காலம் மீதி இருக்கிறது என்றால் நல்லதுதான், ஆனால் முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்து, அந்த வித்தியாசத்தையும் கட்டிவிடுங்கள்.

இனி என்ன செய்வது? திங்கட்கிழமை உங்கள் கரன்ட் அக்கவுன்ட் இருக்கும் பேங்குக்குப் போங்கள். லோன் அனுமதி கையில் வந்த பிறகு டீலரிடம் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: பெயர் மாற்றி, சாவி கைக்கு வருவது வரை மொத்தம் எவ்வளவு? தவணைப் பேச்சை அவர் எடுத்தால் “பேங்க் பார்த்துக்கும்ங்க” என்று விட்டுவிடுங்கள். முகம் வாடும். ஃபைனான்ஸ் பிடித்துக் கொடுத்தால் அவருக்குக் கமிஷன் உண்டு. பேங்க் லோன் என்றால் விலை வேறு என்றுகூடச் சொல்வார். பிடிவாதமாக அவர் ஃபைனான்ஸ்தான் என்றால், கேஎஃப்எஸ் (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்) என்ற, லோனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்பது அதில் இருக்கும். உங்கள் ‘10 சதவீதம்’ அதில் என்னவாக மாறுகிறது என்று பாருங்கள். போனில் வரும் ‘ப்ரீ அப்ரூவ்டு’ பர்சனல் லோன் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

மச்சான் விஷயம். “நம்ம பையன் கடை, பேரம் பேசி என்னை அசிங்கப்படுத்தாதே” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அதில் ஏதாவது வருமா என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அக்கா வீட்டு உறவு 1,25,000-ஐவிடப் பெரிது. அடுத்த தடவை டீலரிடம் போகும்போது அவரைக் கூட்டிப்போகாதீர்கள், மனைவியைக் கூட்டிப்போங்கள். அவர் வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பதை நீங்கள் எழுதவில்லை, கேட்டிருக்கலாம்.

அட்வான்ஸ் 10,000-ஐத் திருப்பிக் கேளுங்கள். ரசீதில் நிபந்தனை எதுவும் எழுதவில்லை, அதனால் இழுத்தடிப்பார்கள். விலை படிந்தால் அதிலேயே கழித்துக்கொள்ளலாம். படியாமல், கொடுத்தது போயே போனாலும், அந்த 10,000-க்காக 6,30,000-க்குக் கையெழுத்துப் போடாதீர்கள். “ஈரோட்டிலிருந்து வேற பார்ட்டி வந்துட்டாங்க” என்று போன் வந்தால், கொடுத்துவிடச் சொல்லுங்கள்.