எத்தனை மாதம் ஓடும்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நீண்ட நாளாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு இரண்டு முறை ஆட்குறைப்பு நடந்துவிட்டது. இரண்டிலும் தப்பித்தேன், மூன்றாவதில் தப்பிப்பேனா தெரியாது. விலைவாசி ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. அதனால் வீட்டை முடிந்தவரை தன்னிறைவாக்கிவிட வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். மாடித் தோட்டம், கூரையில் சோலார், பெரிய ஃப்ரீசர் ஒன்று, ஓராண்டுக்கான தானியம், காய்கறிகளைப் பாட்டிலில் அடைத்து வைப்பதற்கான சாமான்கள். சேமிப்பு போதாது, தனிநபர் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஃப்ரீசருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. "அந்தப் பணம் கையில் இருந்தாலே போதுமே" என்கிறார் மனைவி. எனக்கோ பணத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. நான் எங்கிருந்து தொடங்கட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கடன் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குள் இந்தப் பதில் வந்து சேர வேண்டுமே என்ற அவசரத்தில் எழுதுகிறேன், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் ஒரு காலத்தில் ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தவன். அந்த ஏழு மாதமும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த வேளைச் சாப்பாடு பற்றிய கவலை இல்லை, மாதம் பிறந்தால் வந்து நிற்கும் தவணை. சாப்பாட்டில் ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். தவணையிடம் அந்தப் பேச்சே எடுபடாது. அதனால்தான் வேலை போகுமோ என்று பயப்படுகிற ஒருவர், அந்தப் பயத்துக்கு மருந்தாகப் புதிதாக ஒரு தவணையை வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறார் என்று படித்ததும் எனக்குப் பதறியது.

ஒரு வீடு தன் காலில் நிற்கிறதா என்பதை நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். நாளைக்குச் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓடும்? சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 செலவாகி 10 மிஞ்சுகிற வீட்டில், ஒரு மாதச் செலவைச் சேர்த்து வைக்க ஒன்பது மாதம் உழைக்க வேண்டும். செலவு 80 ஆனால் நான்கு மாதம் போதும். 75 ஆனால் மூன்று. ஏனென்றால் செலவு குறையும்போது சேமிப்பும் கூடுகிறது, சேமித்தது ஓடும் நாளும் கூடுகிறது, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில். 90இலிருந்து 80க்கு இறங்குவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஒரு வீட்டின் பலமே அங்கே இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது. நீங்கள் வாங்க நினைக்கும் எந்தப் பொருளும் இந்தக் கணக்குக்கு ஈடாகாது.

ஆகவே முதல் மாதம் எதையும் வாங்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு காசையும் எழுதுங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும், ஒருவர் எழுதி இன்னொருவரை விசாரிப்பதாக ஆகிவிடக் கூடாது. கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும். மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்க எளிமையாக இருக்கும், கட்டாமல் விட்டால் இரண்டே வருடத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும்.

அப்புறம் சோலார். கூரையில் தகடு போடுவதற்கு முன் கீழே மின்சாரம் எங்கே போகிறது என்று பாருங்கள். சூடாக்குகிற, குளிராக்குகிற சாதனங்கள்தான் பெரும்பகுதியை இழுக்கும். 10 வாட் எல்இடி விளக்கு 100 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அதே ஒரு யூனிட்டை அரை மணியில் தின்றுவிடும். ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் துரத்துகிற வீடுகளில் ஹீட்டர் ஒரு மணி நேரம் சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேவையைக் குறைத்த பிறகு சோலார் போட்டால் சின்ன அமைப்பே போதும், விலையும் அதற்கேற்பக் குறையும். அது இரண்டாம் வருடத்து யோசனை.

அடுப்பும் அப்படித்தான். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால் எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கூடுதலாக எரிவதெல்லாம் ஆவியாகத்தான் போகிறது. கொதித்ததும் தீயைத் தணித்து மூடி போடுங்கள். குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு 120 டிகிரியை நெருங்குகிறது, சீக்கிரம் வேகக் காரணம் அதுதான். உலகப் போர் காலத்தில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நன்றாகக் கொதித்த பாத்திரத்தை அப்படியே வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் மூடிவைத்து, அடுப்பில்லாமலேயே வேகவைத்தார்கள். நான் கனமான போர்வையைச் சுற்றிச் செய்து பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேகிறது. ஆறிப்போகும்வரை விட்டுவிடாமல் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஓராண்டுத் தானியம் வேண்டாம். வேலையில்லாத அந்த நாட்களுக்கு முன் நானும் பயத்தில் ஒரே மூச்சாக நிறைய வாங்கி அடுக்கினேன், நான்காம் மாதம் திறந்தபோது மூட்டை முழுக்க வண்டு. வண்டின் முட்டை பெரும்பாலும் தானியத்தோடேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நன்றாகக் காய்ந்த தானியத்தைக் காற்றுப் புகாத சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். வழக்கமாக நீங்கள் சாப்பிடுவதையே இரண்டு மூன்று மாதத்துக்கு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிச் சேருங்கள். பழையதை முன்னே இழுத்து, புதியதைப் பின்னே வைத்தால் எதுவும் தேங்காது. உலர்ந்த சரக்குக்கு மின்சாரம் தேவையில்லை. ஃப்ரீசர் அப்படி இல்லை, அதை மூடியபடியே வைத்திருந்தாலும் இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

பாட்டிலில் அடைக்கும் வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. புளிப்பில்லாத காய்கறியைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்தால் போட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா உள்ளே வளரக்கூடும். அதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. அதற்கென்றே செய்த அழுத்தக் கலனில், சரிபார்க்கப்பட்ட முறைப்படி, சொன்ன நேரத்துக்குச் சூடாக்க வேண்டும். சமையல் குக்கர் அதற்கு மாற்று இல்லை. நஞ்சு உருவான பாட்டிலில் நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம் என்பதுதான் இதில் மோசமான விஷயம். வெயிலில் காயவைப்பது, உப்பிலிடுவது, புளிப்பில் ஊறவைப்பது என்று பழகிய வழிகள் போதும். வீடியோவைப் பார்த்து இதில் இறங்காதீர்கள்.

மாடித் தோட்டம் போடுங்கள், நான் தடுக்கவில்லை. அதிலிருந்து என்ன கிடைக்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். ஒரு ஆளுக்கு நாளைக்குச் சுமார் 2000 கலோரி வேண்டும். 100 கிராம் கீரையில் கிடைப்பது 25 கலோரி அளவில்தான். வெறும் கீரையால் வயிற்றை நிரப்ப ஒருவருக்கே தினம் 8 கிலோ வேண்டியிருக்கும். தானியமென்றால் 600 கிராமுக்குள் முடிந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்று அரசே பிரச்சாரம் செய்து, மக்கள் பயிரிடும் சிறு நிலத் துண்டுகள் சுமார் 8 லட்சத்திலிருந்து 14 லட்சம் வரை பெருகின. காய்கறி கிடைத்தது, உடம்புக்கும் மனசுக்கும் தெம்பு கிடைத்தது. கோதுமை மட்டும் பெரிய வயல்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும்தான் வர வேண்டியிருந்தது. போரெல்லாம் முடிந்த பிறகு, 1946 ஜூலையில், அங்கே ரொட்டிக்கே ரேஷன் வந்தது.

எனவே நான்கைந்து தொட்டிகளில் தொடங்குங்கள். விலை அதிகமாக இருப்பதும், சீக்கிரம் வாடுவதும், அடிக்கடி கொஞ்சமாகத் தேவைப்படுவதும் எவையோ அவற்றை நடுங்கள். விதையை நீங்களே எடுத்து வைக்கும் எண்ணமிருந்தால் ஹைப்ரிட் வேண்டாம், அதன் விதையில் வரும் செடி தாய்ச் செடியைப் போல இருக்காது. தக்காளி, பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் புதியவர்களுக்கு அவை எளிது. பூசணி வகைகளில் பூச்சிகள் வழியாகக் கலப்பு நடந்துவிடும்.

காசு குறைவாகக் கேட்டு, நிறையத் திருப்பித் தருவது கைவேலைதான். குழாயில் வாஷர் மாற்றுவது, அடைப்பெடுப்பது, கிழிந்ததைத் தைப்பது, சைக்கிள் பஞ்சர், வீட்டாருக்கு முடி வெட்டுவது என்று மாதத்துக்கு ஒன்று கற்றுக்கொண்டால் ஒரு வருடத்தில் நீங்கள் வேறு ஆள். கேஸ் இணைப்பிலும் மெயின் வயரிங்கிலும் கைவைக்க வேண்டாம். மைக்ரோவேவைத் திறக்கவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கலாம். துளைபோடும் இயந்திரம், ஏணி மாதிரி வருடத்தில் இரண்டு நாள் தேவைப்படுபவற்றைப் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்குங்கள். பணத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த ஏழு மாதத்தில் மருந்து வாங்கிக் கொடுத்ததும், பாதி நேர வேலை ஒன்றைப் பார்த்துக் கொடுத்ததும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருடைய தையல் இயந்திரம் பழுதானபோது அதைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தது நான்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் திட்டத்தில் காயவைப்பது, அடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, டப்பாக்களைக் கவனிப்பது என்று தினமும் குறைந்தது இரண்டு மணி நேர வேலை இருக்கிறது. அதை யார் செய்யப் போகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டில் தன்னிறைவு என்று சொல்லி, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றிவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. நோட்டில் பணத்துக்குப் பக்கத்தில் நேரத்துக்கும் ஒரு பத்தி போடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை மணி நேரம், அவர் பெயரில் எத்தனை மணி நேரம் என்று.

ஃப்ரீசர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இன்றைக்கே கடைக்குப் போய் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முழுசாகத் தர மறுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மீதியை வாங்கி வாருங்கள். மூன்று மாதம் கழித்து, எத்தனை மாதம் ஓடும் என்ற எண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.