கேள்வி நேரம்: ஊட்டிக் குளிரில் சிப் வார்ப்பு

கே: ரத்தத்தில் திரியும் புற்றுச் செல்களைப் பிடிக்கும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பை (முடிபோன்ற நுண்கால்வாய்களில் திரவம் ஓடும் சிறு தகடு) பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் பிசினில் வார்க்கிறோம். குமிழி போவேனா என்கிறது. காற்றை உறிஞ்சும் பம்பின் வாக்குவம் கேஜ் முள்ளும் 570 மி.மீ.-ஐத் தாண்டவில்லை. பம்ப் போய்விட்டதா?
– மாணவி, ஊட்டி

ப: பம்ப் மேல் பழி போடாதீர்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் டெசிகேட்டர் (பிசினை வைத்துக் காற்றை உறிஞ்சும் மூடிய கலம்) உள்ளுக்கும் இருக்கும் வித்தியாசத்தை. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம்; 2,240 மீட்டர் உயரத்தில் சுமார் 580தான். 570 காட்டினால் உள்ளே மிச்சம் 10. சென்னையில் 750 காட்டியிருக்கும், அவ்வளவே.

குற்றவாளி குளிர். ஊட்டிக் காலையில் பிசின் தடித்துப்போய், குமிழி மேலே ஏறத் திணறும். முந்தின நாளே பாட்டிலை 25 டிகிரியில் வையுங்கள். 30 கிராம் பிசினுக்கு 3 கிராம் க்யூரிங் ஏஜென்ட் (பிசினை இறுக வைக்கும் பொருள்). தராசில் நிறுங்கள், கண்ணளவு வேண்டாம். கப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால், டெசிகேட்டரில் காற்றை உறிஞ்சும்போது நுரை பால்போலப் பொங்கி வழியும். விளிம்பைத் தொடும்போது வால்வைச் சற்றே திறந்து அடக்கி, மறுபடி மூடுங்கள். முக்கால் மணி நேரமாவது இதற்கு ஒதுக்குங்கள். பிறகு 70 டிகிரி ஓவனில் 2 மணி நேரம்.

அப்போதும் பிசுபிசுத்தால் கையுறையைப் பாருங்கள். லேட்டக்ஸில் உள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும், நைட்ரைல் மாட்டுங்கள். மழை மாதங்களில் பிளாஸ்மா ஒட்டும் (மின்னேற்றிய வாயுவில் வைத்தெடுத்து சிப்பைக் கண்ணாடியில் ஒட்டுவது; ரத்த பிளாஸ்மா அல்ல) பிடிக்காமல் போகலாம். கண்ணாடித் தகட்டில் படியும் ஈரம்தான் காரணம். ஹாட் பிளேட்டில் காயவைத்து, ஆறிய பிறகு பிளாஸ்மாவில் வையுங்கள். எடுத்ததும் தாமதிக்காமல் ஒட்டிவிட வேண்டும்.

கே: இந்த சிப் வந்தால் பயாப்சி வேண்டாமா?
– வாசகர், கோத்தகிரி

ப: வேண்டும். 1 மி.லி. ரத்தத்தில் சிவப்பணு மட்டும் சுமார் 500 கோடி. அதற்குள் புற்றுச் செல் பத்துக்கும் குறைவாக இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். சிக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது.

கே: மெக்கானிக்கல் படித்தவன். இந்த ஆய்வில் எனக்கு இடமுண்டா?
– வாசகர், குன்னூர்

ப: தாராளமாக. 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சிடிசி சிப் (ரத்தத்தில் திரியும் புற்றுச் செல்லைப் பிடிக்கும் சிப்) கட்டுரையின் முதல் ஆசிரியர் சுனிதா நாக்ராத் பொறியாளர்தான். எப்கேம் (பல புற்றுச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதம்) மீது ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி பூசிய 78,000 நுண்தூண்களுக்கிடையே ரத்தத்தை மணிக்கு 1 முதல் 2 மி.லி. மட்டும் விட்டார்கள். வேகம் கூடினால் செல் தூணைத் தொட்டும் ஒட்டாமல் அடித்துக்கொண்டு போய்விடும். ஆன்டிபாடி உயிரியல்காரர் கையில். ஓட்டக் கணக்கு உங்கள் கையில்.

முதலில் செல்லுக்குப் பதிலாக 15 மைக்ரான் பாலிஸ்டைரீன் (பிளாஸ்டிக்) மணிகளை ஓட்டிப் பழகுங்கள். அடுத்து எம்சிஎஃப்-7 (ஆய்வகத்தில் வளர்க்கும் மார்பகப் புற்று) செல்களை எண்ணிக் கலந்து, எத்தனை திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். நோயாளி ரத்தம் நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பஃப்பரை (செல்களைக் கழுவும் கரைசல்) அப்படியே சேனலில் விடாதீர்கள்: சூடேறும்போது அதில் கரைந்த காற்று குமிழியாகி, பிடித்த செல்களையும் துடைத்துக்கொண்டு போகும். அறை வெப்பத்துக்கு வந்ததும் அதே டெசிகேட்டரில் கால் மணி நேரம் வைத்தெடுங்கள்.