ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் அப்பாவின் படங்கள்

கேள்வி: அக்கா, ஆயர் ஈத்தாமில் ஏழாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஆணி அடித்தால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா வரைந்த பேனா ஓவியங்கள் நான்கு, மாமியார் கொடுத்த தஞ்சாவூர்ப் படம் ஒன்று, பத்து பெரிங்கியில் வாங்கிய பாத்தேக் (மெழுகு பூசிச் சாயமிட்ட) துணி ஒன்று, ஆறு வயது மகள் வரைந்து தள்ளும் காகிதங்கள் என எல்லாம் அலமாரிக்கு மேல் கிடக்கின்றன. அப்பாவின் ஓவியம் ஒன்றில் பூசணம் வேறு வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஹாலில் மாட்டினால் படக்கடை மாதிரி ஆகிவிடும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பினாங்கு

பதில்: தங்கச்சி, பூசணத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் தீபாவளி வரைக்கும் பொறுக்கும், அது பொறுக்காது. அந்தப் படத்தை இன்றே சட்டத்திலிருந்து கழற்றி, மற்ற மூன்றையும் விட்டுத் தள்ளி வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், மை வெளுத்துவிடும். காற்றோட்டமான நிழல் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நின்று, மெல்லிய தூரிகையால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது. ஊற்றுப்பேனா மை பல சமயம் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே கரைந்து ஓடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் அப்பாவின் நீர்வண்ண ஓவியம் ஒன்று செந்தூல் வீட்டில் இருந்தது. சட்டம் போட்டுக் கொடுத்த கடைக்காரர் காகிதத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, பின்னால் மலிவான பழுப்பு அட்டையைச் சொருகியிருந்தார். ஐந்து வருடம் கழித்துத் திறந்தேன். வானத்தில் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதனால் நீங்கள் கடைக்குப் போகும்போது இரண்டே இரண்டு கேளுங்கள்: கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விடும் மவுண்ட் போர்டு, பின்னால் அமிலமில்லாத அட்டை. கொஞ்சம் கூடக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

எந்தச் சுவர் என்பது அடுத்தது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மழை அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறையோடு ஒட்டிய சுவரும் காகிதத்துக்கு ஆகாது. இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் உள்சுவர்தான் நல்லது. அதிலும் சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் நாற்காலிக் காலுக்கு ஒட்டுகிற ரப்பர் பொட்டை ஒட்டுங்கள். அரை சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தாலும் காற்று போய்வரும். பினாங்கில் மேற்குப் பார்த்த சன்னலில் வருடம் முழுக்க மாலை வெயில் இறங்கும். அதற்கு நேரெதிர்ச் சுவரில் பாத்தேக்கை மாட்டினால் சாயம் வெளுப்பது நிச்சயம்.

ஆணிக்குப் பதில் ஒட்டுப்பட்டை. கமாண்ட் பட்டை எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறது. முதலில் படத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டும் இடத்தை ரப்பிங் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம். பட்டை ஒட்டிய படத்தைச் சுவரில் வைத்து அரை நிமிடம் அழுத்தி, படத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள். எல்லாரும் தவறுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். எடுக்கும்போது பட்டையை முன்பக்கம் இழுக்காமல், சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். பெயின்ட் உதிரும் சுவர் என்றால் இது உதவாது, பெயின்டோடு வந்துவிடும். கனமான தஞ்சாவூர்ப் படத்தையும் இதை நம்பி மாட்டாதீர்கள். கட்டிலுக்கு மேல் எதையுமே ஒட்டாதீர்கள்.

இனி உங்கள் கணவர் சொன்னது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கே சுவர் காலியாக இருக்கிறது என்று தேடினால் ஹால்தான் கண்ணில் படும், எல்லாம் அங்கே போய்க் குவியும். வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்றபடி காத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். செருப்பு மாட்டும் இடம், சோறு வேகும்வரை நீங்கள் சாய்ந்து நிற்கும் இடம், காலையில் கோப்பி குடிக்கும் நாற்காலிக்கு எதிர்ப்புறம். கண் சும்மா இருக்கும் இடங்கள் அவை. கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மாட்டுவார்கள், நின்று பார்ப்பவர்களுக்காக. உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் தாராளமாக இறக்கி மாட்டலாம். நம் வீடுகளில் சாமிப் படம் மாட்டிப் பழகி, எல்லாப் படத்தையும் அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டோம்.

அப்பாவின் நான்கு ஓவியங்களும் ஒன்றாகவே இருக்கட்டும். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து உள்சுவரில், நெருக்கமாக. ஆர்மேனியன் தெருவில் 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளை நீங்கள் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பீர்கள். பிள்ளைகள் சுவரில் வரைந்தது, சைக்கிள் மட்டும் நிஜம். அந்த உத்தியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தோட்டத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு ஒன்று யார் வீட்டிலாவது இருக்கும். ஓவியங்களுக்குக் கீழே சிறிய மேசையில் அதை வைத்து, ஒரு மணிபிளான்ட் கொடியை விடுங்கள். பால்மரம் (ரப்பர் மரம்) பார்க்காத உங்கள் மகள், இது என்ன கிண்ணம் என்று கேட்பாள்.

தஞ்சாவூர்ப் படம் வேறு சாதி. மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்து மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக் பதித்த வேலை. தாளிப்புப் புகையும் சாம்பிராணியும் படிந்தால் மங்கிவிடும், ஈரத்துணி பட்டால் மேடு ஊறிப்போகும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு சரி. அதைத் தாழ்வான அலமாரியின் மேல் சாய்த்து வைத்துவிடுங்கள், நழுவாமல் கீழே ஒரு ரப்பர் பட்டை கொடுத்து. மேலிருந்து வெள்ளை லைட் அடிக்காமல், பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் மேசை விளக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். அகல் வெளிச்சத்துப் பூசை அறைக்கென்று செய்த தங்கம் அது. நீங்கள் நகர நகர அதுவும் நகரும்.

பாத்தேக்கைச் சட்டத்தில் அடைக்க வேண்டியதில்லை. மேல் ஓரத்தை மடித்துத் தைத்து ஒரு மரக்கோலை நுழைத்துத் தொங்கவிட்டாலே அழகு. சாரோங் துணியாக இருந்த பாத்தேக்கை ஓவியமாக்கிய சுவா தியான் தெங் பினாங்கில் வாழ்ந்தவர்தான். உங்கள் துணியும் சுவரில் கூச்சப்படாமல் நிற்கும்.

மகளுடைய காகிதங்களுக்கு அவள் கண்மட்டத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டரில், ஒரு கயிறும் ஆறு துணிக் கிளிப்பும். ஏழாவது படம் வந்தால் எது இறங்குவது என்று அவளே முடிவு செய்யட்டும். என் பேத்தி இறக்க மறுத்து இரண்டு நாள் அழுதாள், அது தனிக் கதை.

எதையும் ஒட்டுமுன் பழைய செய்தித்தாளைப் படங்களின் அளவுக்கு வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பழகுங்கள். கணவரிடம் காட்டுங்கள். கையோடு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். காலி செய்யும்போது ஓட்டையை அடைத்து பெயின்ட் அடித்துக் கொடுத்தால் போதும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி ஒரு வரி இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரே ஓர் ஆணிக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சரி என்று எழுதினால், அந்த ஆணி தஞ்சாவூர்ப் படத்துக்கு.