கொழுப்பைக் கரைக்கக் கொழுப்பு மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 36. உயரம் 156 செ.மீ., எடை 76 கிலோ. மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1 வந்திருக்கிறது. ஜிம்மில் சி.எல்.ஏ. மாத்திரை தினம் மூன்று போடச் சொல்கிறார்கள். என் நாத்தனாரோ, வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தாலே எடை இறங்கும் என்கிறார். எதை எடுத்துக்கொள்ளலாம், டாக்டர்? வீட்டில் நான்கு பேர். மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஆகிறது.
- வாசகி, நாமக்கல்

பதில்: இரண்டுமே வேண்டாம். அதிலும் உங்களுக்கு சி.எல்.ஏ. கண்டிப்பாக வேண்டாம்.

சி.எல்.ஏ. என்பது பால், வெண்ணெய், ஆட்டுக்கறி போன்றவற்றில் கொஞ்சமாக இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரீசாவின் குழு இதைச் சுட்ட மாட்டிறைச்சியில் கண்டெடுத்தபோது, புற்றுநோயைத் தடுக்குமா என்றுதான் பார்த்தார்கள். எலிகள் இளைத்தது பின்னால் தெரிந்தது. அப்புறம் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பாலில் இருப்பது பெரும்பாலும் ஒரு வகை. எலியை இளைக்க வைத்தது மற்றொன்று. மாத்திரையில் இரண்டும் ஏறக்குறைய பாதிப்பாதி இருக்கும். அதனால் "பாலில் இருப்பதுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளைத்த எலிகளுக்குத் தோலடிக் கொழுப்பு குறைந்தது, ஆனால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அது வீங்கியது.

மனிதர்களிடம் என்ன ஆனது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் வந்த கணக்குப்படி, தினம் சுமார் 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு வாரத்துக்கு 90 கிராம் அளவில்தான் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. மூன்று மாதம் காசு செலவழித்தால் ஒரு கிலோ. ஆறு மாதத்துக்குப் பிறகு அதுவும் மந்தமாகிவிடுகிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. தொப்பையோடு உடல் பருமன் உள்ள ஆண்களுக்கு அந்த "இளைக்க வைக்கும்" வகையை மட்டும் தனியாகப் பிரித்து 12 வாரம் கொடுத்து ஸ்வீடனில் பார்த்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்து, சர்க்கரை சற்றே ஏறியது. 6.1 என்றால் நீங்கள் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள். இந்த நிலையில் எதற்கு இந்த விஷப்பரீட்சை?

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். எம்.சி.டி. எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிந்துவிடும் என்பது உண்மை. வேறு எண்ணெய்க்குப் பதிலாக அதைக் கொடுத்த ஆய்வுகளில் எடை சராசரியாக அரை கிலோ அளவுக்குக் குறைந்தது. ஆனால் தேங்காய் எண்ணெயில் அப்படிச் சட்டென்று எரியும் பகுதி ஏழில் ஒரு பங்குதான் தேறும். பாதிக்குப் பாதி இருப்பது லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்ற எண்ணெய்களைப் போலவே உடலில் சேரும், கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லையும் ஏற்றும். இரண்டு மேசைக்கரண்டி என்றால் 240 கலோரி, அதாவது நான்கு இட்லி. காலை டிபனைக் குறைக்காமல் இதையும் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். தாளிக்க ஒரு ஸ்பூன் ஊற்றுவதை நான் தடுக்கவில்லை.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றியும் பலர் கேட்கிறார்கள். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக இருந்தால் டாக்டர் எழுதித் தருவார். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த 5 லிட்டர்தான். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குத் தினம் கிட்டத்தட்ட 38 கிராம், சுமார் 340 கலோரி. வெளியில் சாப்பிடும் பஜ்ஜியும் மிக்சரும் இதில் சேரவில்லை. அதை இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவரப் பாருங்கள். பாக்கெட்டிலிருந்து நேராக வாணலியில் சாய்க்காமல் ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். பொரித்த எண்ணெயை மறுநாள் குழம்புக்கு எடுக்காதீர்கள். இரவுச் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்துச் சுண்டலோ முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். தினம் அரை மணி நேரம் வேக நடை. இப்போதைய எடையில் 5 கிலோ குறைந்தாலே சர்க்கரை இறங்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையைத் திரும்ப எடுங்கள்.

மாத்திரை பாட்டிலை இன்னும் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்திருந்தால் உடனே நிறுத்துங்கள். பசியின்மை, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி என்று எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்த்துக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.